ஆழியன் இறந்த செய்தி

கடிதம் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நூலகத்துக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வெண்டி ஹார்கிரீவ்ஸ் கதவுத் துளை வழியாக விழுந்திருந்த தபால்களைக் குனிந்து எடுத்து, நின்றபடியே பிரித்தாள். நீல மையில் சாய்வான கையெழுத்து. 'நான் மார்ச் மாதம் இறந்துபோனதாக உங்கள் செய்திமடலில் படித்தேன். மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பிழைகள் இரண்டுதான். அறுபத்தெட்டில் வந்த இரண்டாவது ஆழியனும் நானே. அப்புறம், நான் சாகவில்லை.' கீழே டெஸ்மண்ட் பீல் என்ற கையொப்பமும், பிரிட்லிங்டன் கடற்கரைத் தெரு ஒன்றின் முகவரியும்.

வெண்டி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

'வெளிவட்டம்' நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருடம் தொலைக்காட்சியில் ஓடிய விண்வெளித் தொடர்; ஆழியன் அதில் வரும் கடல்பூதம், அந்த உடைக்குள் நடித்தவர் டெஸ்மண்ட் பீல். டான்காஸ்டரில் அவள் வளர்ந்த தெருவில், சனிக்கிழமை மாலை கால்பந்து முடிவுகள் வாசித்து முடிந்து தொடரின் இசை தொடங்கும்போது, வெளியே ஒரு பிள்ளை இருக்காது. அம்மா வாட்டிய ரொட்டிமேல் தக்காளிச்சாற்றில் வெந்த அவரைக்கொட்டையை ஊற்றித் தட்டை மடியில் வைத்துவிட்டுப் போவாள். சுரங்க வேலை முடிந்து வந்த அப்பா, இதெல்லாம் ஒரு கதையா என்று முணுமுணுத்தபடி வாசல்நிலையில் சாய்ந்து நிற்பார். உட்காரவும் மாட்டார், நகரவும் மாட்டார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த இசையைக் கேட்டால் இன்றும் அவள் கண் வாசல்நிலைப் பக்கம்தான் போகும்.

ரசிகர்களுக்கான செய்திமடலை அவளும் நண்பன் கிளைவும் எழுபத்தொன்பதில் தொடங்கினார்கள். கிளைவ் பள்ளி ஆசிரியன். பள்ளியின் நகல் இயந்திரத்தில் அவன் அச்சடிப்பான், இவள் மடித்துத் தபாலில் சேர்ப்பாள். அடுத்த விண்கப்பல் தலைவன் யார், அடுத்த கிரகம் எது என்று அன்றைக்கு எழுதப் பக்கம் போதாது. தொடர் நின்றதும் செய்தியும் வற்றிப்போயிற்று. வரப்போவதையே எழுதிவந்த தாளில் இப்போது போனவர்களைப் பற்றித்தான் எழுத இருந்தது. லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில், நாளிதழின் மறைவு அறிவிப்பில் டெஸ்மண்ட் பீல் என்ற பெயரைப் பார்த்ததாகச் சொன்னார். அது வேறு யாரோ டெஸ்மண்ட் பீல். விசாரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றே உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதிவிட்டாள்.

பிழையை விடப் பெரிய சங்கடம் அவள் கைப்பையில் இருந்தது. போன வாரம் கவென்ட்ரியிலிருந்து நீல் பீல் என்பவர் எழுதிய கடிதம். கூட வேலை செய்யும் ஒருவர் அந்தப் பக்கத்தைக் காட்டினாராம். 'பதினோரு வருடமாக அப்பாவோடு பேச்சு இல்லை. ஆழியன் உடையில் இருந்தது அவர்தான் என்பதே எனக்குத் தெரியாது. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.' அடியில் ஒரு தொலைபேசி எண்.

அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போட்டால் முடிந்தது என்றான் கிளைவ். மகனுக்கு என்ன சொல்வது என்று அவள் கேட்டதும் தாள்களை அடுக்கத் தொடங்கினான். சனிக்கிழமை அவள் தனியாகப் பிரிட்லிங்டனுக்கு ரயில் ஏறினாள்.

கதவைத் திறந்தவர் நிலையில் தலை இடிக்காமல் குனிந்தார். அந்த உயரத்துக்காகத்தான் அவரைப் பூதமாக்கியிருப்பார்கள். எழுபதைத் தாண்டிய முகம், மழமழவென்று சவரம் செய்திருந்தது.

"உள்ள வாங்கம்மா. பொணத்தோட ஒக்காந்து டீ குடிச்சுப் பழக்கம் உண்டா?"

ரயிலில் கோத்து வைத்திருந்த மன்னிப்பை அவள் சொல்லவே இல்லை. அவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. செய்திமடலின் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடிகாரத்தில் சாய்த்து வைத்திருந்தார். பத்து வயதில் பார்த்த காட்சியை அதில் அவள் எழுதியிருந்தாள். கடலிலிருந்து ஏறிவரும் ஆழியன் படியில் தடுமாறி, சுவரில் ஒரு கையை ஊன்றி நிற்கிறான். தெருவே பயந்தபோது தனக்கு மட்டும் அவன்மீது இரக்கம் வந்தது, அவன் களைத்திருந்தான் என்று.

"அந்த முகமூடிக்குள்ள கண்ணே தெரியாதும்மா," என்றார் அவர். "செவுரு எங்க இருக்குன்னு தடவிப் பாத்தேன். வேற ஒண்ணுமில்ல."

அவள் முகம் வாடியிருக்க வேண்டும். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆனா களைப்பு நெசம்."

உடைக்குள் கொதிக்கும் சூட்டைப் பற்றியும், இரண்டு பேர் சேர்ந்து அவரை உரித்து எடுப்பதைப் பற்றியும், உறிஞ்சு குழலில் டீ குடித்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். இப்படிக் கேட்க ஒருவர் வந்து எவ்வளவு காலம் ஆயிற்றோ. இவர் சிரிக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்து, வெண்டி மகனின் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

இரண்டு தடவை படித்தார். மனைவியின் அடக்கத்துக்கு, எங்கோ நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மகன் கதவைத் திறக்கவில்லை. அதைச் சன்னலைப் பார்த்தபடிதான் சொன்னார்.

"ஒரு மாசம் போகட்டும்மா. உசுரோட இருந்தப்ப எம்மேல அவனுக்கு ஒரு அக்கறை வரல. இப்பத்தான் வந்திருக்கு. அதக் கெடுப்பானேன்?"

வெண்டிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. அப்பாவின் கல்லறைக்கு மாதம் ஒருமுறை பூக்கொண்டு போகிறவள் அவள்.

"எங்க அடக்கம் பண்ணாங்கன்னு கேக்குறாரு. நான் என்னன்னு பதில் எழுதட்டும்?"

அவர் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். வீட்டில் தொலைபேசி இல்லை. கடலோரச் சாலையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்கு நடந்தார்கள். தானே முதலில் பேசுவதாக அவள் சொன்னாள். காசு போட்டு எண்ணை அழுத்தி, பெயரைச் சொல்லி, தவறு தன்னுடையது, உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழந்தை பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை ஷ்ஷ் என்று அடக்குவது கேட்டது.

"பக்கத்துல இருக்காரா?" என்றது அந்தக் குரல்.

ரிசீவரை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஐஸ்கிரீம் ஒழுகும் இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வரிசையில் நின்றாள். கொஞ்சம் நேரமாகும் என்று வெண்டி சொன்னாள். ரொம்பவா என்று அவள் கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். திரும்பிப் பார்த்தபோது கூண்டுக்குள் தொலைபேசியில் மிச்சக் காசைக் காட்டும் எண் பூச்சியத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே மீன் வறுவல் கடைக்கு ஓடி, ஐந்து பவுண்டுத் தாளை நீட்டி, எல்லாம் பத்துப் பென்னிக் காசாக வேண்டும் என்றாள். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணாமலே அள்ளிக் கொடுத்தார்.

அவள் திரும்பி வந்தபோது கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கூரை இடிக்கும் உயரத்தை வளைத்து நின்று, கவென்ட்ரியில் இருக்கும் மகன் கண்ணுக்குத் தெரியாது என்பதை மறந்து, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெண்டி கதவைச் சற்றே திறந்து, அவர் கைக்கு அடியில் புகுந்து, நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினாள்.