நாலு பாடத்துக் கணக்கு

எழுபத்திரண்டு சதவீதம், தமிழைத் தள்ளிவிட்டால் எழுபத்திரண்டேதான்... ஐந்து பாடத்தையும் கூட்ட வேண்டாம், இங்கிலீஷோ தமிழோ ஒரு மொழியும் மற்ற மூன்றும் போதும், டெல்லி காலேஜ்களில் இதுதான் கணக்கு என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? உட்கார இடம் கிடைத்தும் பூங்கோதைக்கு உட்காரப் பிடிக்கவில்லை, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காலையில் கீழ்வீட்டு நீலம்தான் "அரே பக்லி" என்று திட்டிக்கொண்டே மாடிப்படியில் உட்காரவைத்துக் கூட்டிக் காட்டினாள், அப்படியே ஓடியதுதான், காலேஜ் வாசலில் ஒட்டியிருந்த கட்-ஆஃப் பட்டியலில் எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்கு நேராக எழுபத்தொன்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாலும் எழுபத்தொன்றுதான்! கவுண்டரில் உட்கார்ந்திருந்த கிளார்க் பாபுகூட மார்க் ஷீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார், பிதாஜி கையெழுத்து எங்கே, நாலு மணிக்குள் கொண்டு வா, ஜல்தி, இன்றைக்குத்தான் கடைசி நாள்... விட்டால் போச்சு. போச்சு என்றால் பாளையங்கோட்டை, அத்தை வீடு, ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. "அறுபத்தெட்டுகூட வரலியேம்மா, இங்க எந்த காலேஜ்ல எடுப்பான்? அத்தை வீட்டுல இருந்து படி, தமிழும் ஒழுங்கா வரும்" என்று அப்பா சொன்னபோது அவளும் நம்பிவிட்டாள், கணக்கு கணக்குதானே.

இப்போது அந்த அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! தணிக்கைப் பிரிவு பரமசிவம், அடுத்தவர் பயணப்படி பில்லில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடிக்கிறவர், சொந்த மகளின் மார்க்கைக் கூட்டுவதில் கோட்டை விட்டுவிட்டாரே, பாவம், அவர் படித்த காலத்து ஊர்க் கணக்கு, எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்துவிட்டார். எப்படி ஆரம்பிக்கலாம்? அப்பா, உங்க ஆடிட்ல ஒரு தப்பு இருக்கு... அச்சா, அதுதான் சரி, ஆபீஸே திரும்பிப் பார்க்கட்டும், இந்தப் பாழாய்ப்போன பஸ் ஏன் இப்படி ஊர்கிறது, காஷ்மீரி கேட்டில் இவ்வளவு நேரமா நிற்பான், டிரைவர் பையா, சலோ நா, கிளம்பேன்! ஹானர்ஸ், ஹானர்ஸ், தினமும் நீலத்தோடு இதே பஸ், வடிவேல் அண்ணனின் அலட்டல் இனி செல்லாது, யூனிவர்சிட்டி அவன் ஒருவனுக்குத்தான் எழுதி வைத்திருக்கிறதா... அண்ணனுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? அவனும் தமிழில் சொதப்பினவன்தானே? இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஜூலைப் புழுக்கம், அப்பா சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தது, அண்ணனின் மார்க்குகளை வரிசையாக எழுதியது, தமிழ் மார்க்கின் மேல் ஒரே கோடு, "இத விட்டுருலே, நாலு போதும்"... தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோய் அந்தப் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தது இவள்தான். மறந்திருப்பார். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, எத்தனையோ வேலை, மறந்திருக்கலாம், மனுஷர்தானே... ஆனால் அப்பாவா? கணக்கையா? சீ, நல்ல நாளும் அதுவுமாக என்ன நினைப்பு இது, இடம் கிடைத்துவிட்டது, எகனாமிக்ஸ் ஹானர்ஸ், அதை நினை.

அப்பாவின் ஆபீஸான கிருஷி பவனில் பஸ் நிற்பதற்குள் குதித்தாள், வெயில் மண்டையைப் பிளந்தது, அது யாருக்கு உறைத்தது, சாலையைக் கடந்து, படிகளில் தாவி ஏறி, வராந்தாவின் கடைசியில் இருந்த அறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தாள். மின்விசிறிக்கு அடியில் ஃபைலில் குனிந்திருந்த அப்பா நிமிர்ந்தார், மகளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். பஸ் முழுக்கச் சொல்லிப் பார்த்த கேலி நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அவள் வாயைத் திறக்குமுன் அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"தமிழ விட்டுட்டுக் கூட்டலாம்னு உனக்கு யார் சொன்னா?"

நெஞ்சு இன்னும் சந்தோஷத்தில்தான் அடித்துக்கொண்டிருந்ததா, அவளுக்கே தெரியவில்லை. பூங்கோதை விண்ணப்பத்தை மேஜையில் விரித்து வைத்தாள், தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.