முன்னால் வருவதுதான் மெயின்

ஆஸ்பத்திரி மாடியில் முப்பது நர்ஸுகள் ஆங்கிலப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் பாடம் நடத்திய டீச்சரம்மாதான் மேற்பார்வை. மீந்த வினாத்தாளை எடுத்து ஐந்தாம் கேள்வியைப் படித்தவள், நம்பாமல் அதையே இன்னொரு தரம் படித்தாள்.

ஒவ்வொரு வாக்கியத்திலும் மெயின் கிளாஸுக்கு, அதாவது தனியாக நிற்கக்கூடிய பகுதிக்கு, அடியில் கோடு போட வேண்டும். அதைச் சார்ந்து நிற்கும் மிச்சம் சபார்டினேட் கிளாஸ். ஆறு வாக்கியங்கள். ஆறும் இஃப், வென், பிகாஸ் என்றே ஆரம்பித்தன; ஆறிலும் மெயின் பின்னால்தான் வந்தது.

"முன்னால வர்றதுதான் மெயின், பின்னால வர்றது சபார்டினேட். அவ்வளவுதான்" என்று வகுப்பில் சுருக்குவழி சொல்லிக்கொடுத்தவள் அவள். முழுசாக விளக்கச் சோம்பல், வேறென்ன. பயிற்சி வாக்கியங்களையும் அதற்குத் தோதாகவே பொறுக்கியிருந்தாள்.

ஒருத்தி மட்டும் அன்றே மடக்கினாள். பதினெட்டு வருஷமாகத் தற்காலிக நர்ஸ்; எல்லோருக்கும் பெரியக்கா.

"'காய்ச்சல் ஏறினா என்னைக் கூப்பிடு'ன்னு டாக்டர் எழுதி வெச்சா, 'கூப்பிடு'தானேம்மா மெயின்? 'காய்ச்சல் ஏறினா'ன்னு மட்டும் சொன்னா அந்தரத்துல நிக்குதே."

"இங்க யாரு டீச்சர், அக்கா?" என்றாள் டீச்சரம்மா. வகுப்பே சிரித்தது. பெரியக்கா குனிந்து அந்தச் சுருக்குவழியையே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பெரியக்காவுக்கு இந்தப் பரீட்சைதான் கடைசி வாய்ப்பு. தவறினால் வேலை போய்விடும்.

டீச்சரம்மா மெல்ல பெரியக்காவின் மேஜையருகே போனாள். முதல் வாக்கியத்தில் கோடு சரியான பகுதிக்கு அடியில்தான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பெரியக்கா நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் உற்றுப் பார்ப்பதைக் கண்டு, தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். அவசரமாக அந்தக் கோட்டை அடித்துவிட்டு, முன்பகுதிக்குக் கீழே புதுக் கோடு போட்டாள்.

டீச்சரம்மா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் உட்கார்ந்திருந்தார். பரீட்சை நேரத்தில் வாயைத் திறந்தால் தன் பிழைப்பும் போச்சு. பெரியக்கா இரண்டாவது வாக்கியத்தின் கோட்டையும் அடித்தாள்.

"நான் சொல்லிக்குடுத்தது தப்பு." தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. "பெரியக்கா அன்னைக்குச் சொன்னதுதான் சரி."

"டீச்சர், பையை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க" என்றார் மேட்ரன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். முதுகுக்குப் பின்னால், ஒவ்வொன்றாக, பேனாக்கள் கோடு அடிக்கும் சத்தம் கேட்டது. அதில் பெரியக்காவின் பேனாவும் உண்டா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.