பற்று எழுதாத தீபாவளி

முந்நூறு ரூபாய்க்குள் புடவை கேட்டு வருகிறவர்களுக்கு ரேணுகாம்பாள் முதலில் ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் புடவையைத்தான் விரிப்பாள். வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள் என்பாள். அடுத்து எழுநூறு ரூபாயில் ஒன்று. அதற்கப்புறம் அவர்கள் கேட்ட முந்நூறு ரூபாய்ப் புடவையை எடுத்துப் போட்டால் அது ஏற்கெனவே நாலு முறை துவைத்தது மாதிரி தெரியும். பத்துப் பேரில் ஏழு பேர் எழுநூறு ரூபாய்ப் புடவையோடு போவார்கள். திருவண்ணாமலை தேரடித் தெருவில் இருந்த அந்த ஜவுளிக் கடையில் ஏழு வருடமாக அவள்தான் புடவைப் பிரிவின் முதல் ஆள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

தன் வீட்டுத் தீபாவளி என்று வரும்போது மட்டும் அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு உதவியதில்லை. கடையில் வேலை செய்கிறவர்கள் துணியைப் பற்று எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மாதாமாதம் சம்பளத்தில் ஐந்நூறு பிடிப்பார்கள். கையில் காசு கொடுக்காமல் வாங்குவதால் எவ்வளவு வாங்குகிறோம் என்பதே தெரியாது. போன தீபாவளிக்கு அவள் எடுத்தது நாலாயிரம். அவளுக்குச் சம்பளம் ஆயிரத்து அறுநூறு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது மகள் தென்றலுக்குப் பணம் கட்ட முன்பணம் கேட்டாள். முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழசே இன்னும் தீரவில்லையே அம்மா என்றார். அன்று சாயங்காலம் அவள் காதில் கிடந்த தோட்டை அடகுக் கடையில் வைத்தாள். மீட்பதற்குப் புரட்டாசி ஆகிவிட்டது. அந்த நாலு மாதமும் பிளாஸ்டிக் தோடு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, வருகிறவர்களின் தோளில் பட்டுப் புடவையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அதனால் அந்த 2001ஆம் வருடத் தீபாவளிக்கு முன்னதாகவே புருஷனிடம் சொல்லிவிட்டாள். கடை கொடுக்கும் போனஸ் ஆயிரத்து ஐந்நூறுதான் தீபாவளி. துணி, எண்ணெய், பலகாரம், பட்டாசு எல்லாம் அதற்குள். பற்று எழுதுவதில்லை. பரசுராமன் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். தலையை ஆட்டினான். பிறகு, தனத்துக்கு என்று இழுத்தான். தனம் அவனுடைய தங்கை. ஆரணியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருவாள். போகும்போது நல்ல புடவை ஒன்று கொடுத்தனுப்புவது வழக்கம். அவளுக்கும் எடுக்கலாம், முந்நூறு ரூபாயில் என்றாள் ரேணுகாம்பாள். அவன் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். மூன்று மணிக்குத்தான் அவளால் மாடிக்குப் போய்ச் சாப்பிட முடிந்தது. இறங்கி வந்தபோது பில் போடும் வேடியப்பன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். உங்கள் வீட்டுக்காரர் வந்தார், புடவை எடுத்துக்கொண்டு போனார், உங்கள் பெயரில் பற்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன் என்றான். தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.

கவுண்டருக்கு முன்னால் மூன்று பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் போய் அவர்களுக்குப் புடவை விரித்தாள். அன்று அவள் யாருக்கும் விலை கூடிய புடவையை முதலில் காட்டவில்லை. அவர்களுக்காகப் பரிதாபப்பட்டு அல்ல, மனம் அங்கே இல்லை.

இரவு அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் தூங்கிவிட்டிருந்தான். பீரோவின் மேல் கடைப் பை இருந்தது. காலையில் அவன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னாது இது?"

"தனத்துக்குத்தான். நானூறு ரூபால கேட்டுத்தான் போனேன், ரேணு. சத்தியமா. அந்தக் கன்னியம்மா இருக்குதே, அது மொதல்ல பெரிய வெலயா ஒண்ணு விரிச்சிச்சு. சும்மா பாருங்கண்ணான்னுச்சு. அப்புறம் நானூறு ரூபா பொடவயப் பாத்தா எனக்கே புடிக்கல."

ரேணுகாம்பாளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கன்னியம்மாளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது அவளே. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேசி வைத்ததை ஏன் மீறினாய் என்று கேட்டாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வருஷத்துல ஒரு தபா வர்றா. அம்மா அப்பா இல்லாத பொண்ணு. இங்க கம்மியா குடுத்தா அங்க அவ மாமியார் சும்மா இருப்பாளா?"

"அதுக்கு என் காதுல இருக்கிறதக் கழட்டணுமா?" என்றாள் அவள். "ஜூன் மாசம் நான் தனியாத்தான் அடகுக் கடைக்குப் போனேன். நீ வரல. வெளிய ஆட்டோவுல கூட உக்காரல."

அது உண்மை. அன்று அவன் சவாரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இதை அவள் அவனிடம் கேட்டதே இல்லை. அவன் பையை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு, என்ன செய்யணுமோ செய் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

கடை திறந்ததும் அவள் பையோடு வேடியப்பன் முன்னால் போய் நின்றாள். திருப்பி எடுத்துக்கொண்டு பற்றை அடித்துவிடுங்கள் என்றாள். வேடியப்பன் சுவரில் தொங்கும் பலகையைக் காட்டினான். விற்ற துணியைத் திரும்பப் பெறுவதில்லை, மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பலகையை எத்தனையோ பேருக்கு அவளே காட்டியிருக்கிறாள். அழாத குறையாகக் கெஞ்சியவர்களிடமும் காட்டியிருக்கிறாள். இப்போது பலகைக்கு இந்தப் பக்கம் நிற்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சரி, மாற்றிக்கொள்கிறேன் என்றாள். தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்க்கு ஒரே புடவையாக வேண்டாம். கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் மேல் தப்பில்லை என்று ரேணுகாம்பாள் சொல்லிவிட்டு, தானே அடுக்கிலிருந்து எடுத்தாள். கரும்பச்சையில் மாங்காய் பார்டர் போட்ட புடவை, முந்நூற்றுப் பத்து. சாயம் போகாத ரகம் என்று அவளுக்குத் தெரியும். தென்றலுக்குச் சுடிதார், முந்நூற்றுத் தொண்ணூறு. தனத்தின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருநூற்று அறுபது. கணக்கு சரியாக வந்தது. பிறகு முதலாளியிடம் போய், இந்தத் தொகையைச் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம், போனஸில் இப்போதே கழித்துவிடுங்கள், நோட்டில் என் பெயர் இருக்க வேண்டாம் என்றாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அந்த வருடம் ஊரில் இன்னொரு பெரிய கடை திறந்திருந்தது. இங்கிருந்து இரண்டு பேர் அங்கே போய்விட்டார்கள். இருவருக்கும் நோட்டில் பாக்கி இல்லை. பாக்கி உள்ளவர்கள் யாரும் போகவில்லை.

"எங்கனா பேசி வெச்சிருக்கியாம்மா?"

"இல்லீங்க. இங்கதான் இருப்பேன். மாசம் ஒண்ணாந்தேதி முழுச் சம்பளத்த ஒரு தபா எண்ணிப் பாக்கணும்னு ஆசைங்க. ஏழு வருஷத்துல பாதி மாசம் பாத்ததில்ல."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வேடியப்பனைக் கூப்பிட்டு நோட்டில் அடிக்கச் சொன்னார். போனஸில் மீதி ஐந்நூற்று நாற்பது வந்தது. எண்ணெய், மாவு, வெல்லம், ஒரு பெட்டி மத்தாப்பு, கொஞ்சம் சரவெடி வாங்கினாள். பரசுராமனுக்குச் சட்டை இல்லை. அவன் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் தனம் வந்தாள். பிள்ளைகள் துணியைப் பார்த்ததுமே போட்டுக்கொண்டு குதித்தன. தனம் புடவையைப் பிரித்து மடியில் வைத்து, தலைப்பை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். கலர் நல்லா இருக்குது அண்ணி என்றாள். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தான் கொண்டுவந்த வேறு புடவையைக் கட்டிக்கொண்டாள். அதை ரேணுகாம்பாள் பார்த்தாள். போய் விளக்கமாகச் சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். பலகாரம் பொரிக்கிற சாக்கில் அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். வழக்கமாக மூன்று நாள் இருக்கிற தனம் மறுநாள் காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பரசுராமன் பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வராமல் அப்படியே சவாரிக்குப் போய்விட்டான்.

பதினைந்து நாளில் கார்த்திகை தீபம். மலையைச் சுற்ற ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஆட்டோவுக்கு ஓய்வில்லை. தனம் தீபத்துக்கு வரவில்லை. டிசம்பர் முதல் தேதி ரேணுகாம்பாள் ஆயிரத்து அறுநூறு ரூபாயையும் கடை மாடியில் நின்று எண்ணினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

அந்த வாரம் பரசுராமன் ஒருநாள் சவாரியை விட்டுவிட்டு, தன் காசில் பழமும் மிக்சரும் வாங்கிக்கொண்டு ஆரணிக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னான். அடகு வைத்த கதையைத் தங்கையிடம் சொல்லிவிட்டானாம். முதலில் கோபித்துக்கொண்டாளாம், இதைத் தீபாவளி அன்றே சொல்லியிருந்தால் என்ன, நான் வேறே ஆளா என்று. மாமியார் ஏதோ சொல்லத்தான் சொன்னாளாம். அதற்குத் தனம் பதில் சொல்லிவிட்டாளாம்.

"வேற இன்னா சொன்னா?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. சீசன் முடிஞ்சப்புறம் கடையில வெல கொறைப்பாங்களாமே, அது எந்த மாசம்னு. அடுத்த தீபாவளிக்கு அப்பவே எடுத்து வெச்சுக்கலாமாம்."

"ஆடி மாசம்னு சொல்லு," என்றாள் ரேணுகாம்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேணாம், நானே கடிதாசி போடறேன்," என்று சொல்லிவிட்டு, தென்றலிடம் நோட்டில் ஒரு தாள் கிழித்துத் தரச் சொன்னாள்.