மாமியாரின் பல்செட்

டாக்டரம்மாவின் மாமியாருக்குச் செய்த பல்செட் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது.

"கடிச்சா கச்சிதமா இருக்கு. சாயங்காலமானா தாடை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது," என்றார் மாமியார்.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்பவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு முறை ராவித் தேய்த்தாயிற்று. இனி எங்கே ராவுவது?

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவையும் சொதப்பினா இனிமே எல்லா வேலையும் வெளி லேபுக்குத்தான். என் மாமியார் பல்லும்மா. என் குடும்பமே உன் கையில இருக்கு."

அவள் பல்செட்டை மேசையில் வைத்தாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"என்ன, உட்கார்ந்துட்டே?"

"யோசிக்கிறேன் டாக்டர்."

"யோசிக்கிறதுக்குக் கை எதுக்கு? அந்தப் பல் அச்சையெல்லாம் கழுவிக்கிட்டே யோசி."

எதற்கும் தலையாட்டுகிறவள்தான். அன்று ஆட்டவில்லை. "இல்ல டாக்டர். கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிர்ச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. முதலில் வேலை போய்விடுமே என்ற பயம் வந்தது. அவள் அதை விரட்டவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அதுவே போய்விட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. தோள் இறங்கியது. நாக்கு வாய்க்குள் சோம்பலாகப் புரண்டது.

உதடு மூடியிருந்தது. ஆனால் பல்லோடு பல் படவில்லை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி.

பரீட்சையில் எழுதிய விஷயம்தான், அவசரத்தில் அடியோடு மறந்திருந்தாள். அளவெடுத்தபோதெல்லாம் "கடிங்க, இன்னும் நல்லாக் கடிங்க" என்று மாமியாரை விரட்டியதுதான் மிச்சம். சும்மா இருக்கும் வாயை அளக்கவே இல்லை; எப்போதும் முட்டிக்கொள்ளும்படி பல் உயரமாகிவிட்டது. பாவம், அந்த வாய்க்கு ஓய்வே இல்லை.

அளவுகோலோடு முன்னறைக்கு ஓடினாள். "அம்மா, கடிக்காதீங்க. பேசாதீங்க. சும்மா இருங்க."

"சும்மாவா? கல்யாணமான நாள்லேருந்து என்கிட்ட யாருமே அப்படிச் சொன்னதில்லையே!"

மூக்கிலிருந்து தாடைவரை அளந்தாள். பல்வரிசையைத் தணித்து மறுபடி கட்டினாள்.

அடுத்த வாரம் மாமியாரின் குரல் வாசலிலேயே கேட்டது. "காலையில மாட்டினேன். மாட்டினதே மறந்துபோச்சு! மருமகளே, இனிமே என் பேச்சுக்கு உன் காதுதான் வலிக்கப்போகுது."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பு பின்னறைவரை வந்தது. அச்சுத் தட்டோடு உள்ளே நுழையப்போன நர்ஸை அவரே மறித்தார்.

"இப்ப போகாதே. அவ சும்மா இருக்கா."

உள்ளே அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.