பண்டிகைக்கு ஒரு மாவுக்கட்டு

கையை ஒடித்துக்கொள்வதற்காக நான் படியில் எல்லாம் உருளவில்லை. போனில் ஆர்டர் போட்டேன், மறுநாள் வாசலில் வந்து கிடந்தது. அசல் மாவுக்கட்டு தோற்றுப்போகும். உள்ளே மெத்தென்று பஞ்சு, அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாத ஒட்டுப்பட்டை. நாடகக்காரர்களுக்கான பொருள் என்று போட்டிருந்தான். கீழே கருத்து எழுதியிருந்தவர்கள் அத்தனை பேரும் மருமகள்கள். “ரெண்டு வருஷமா உழைக்குது, அஞ்சு நட்சத்திரம்” என்று ஒரு புண்ணியவதி எழுதியிருந்தாள்.

நாடே லீவு விடுகிற அறுவடைப் பண்டிகையான சுசோக் வந்துவிட்டால் நான் மனுஷி இல்லை, அடுப்பில் ஒரு பாகம். மாமனாருக்கும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் படையல் வைக்க வேண்டும். மீன், காளான், பிஞ்சுப் பூசணி என்று ஒவ்வொன்றையும் மாவில் புரட்டி முட்டையில் தோய்த்துத் தரையில் உட்கார்ந்து பொரித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இன்சு டி.வி. முன்னால் சாய்ந்தபடி “ஏதாவது உதவட்டுமா?” என்று கேட்பார். கேட்பதோடு சரி. செத்தவர்களில் ஒருவர்கூட என் சொந்தக்காரர் கிடையாது. பொரிக்கிறவள் மட்டும் நான்.

அதனால்தான் இந்த வருஷம் மாவுக்கட்டைப் போட்டுக்கொண்டு மாமியாரை வீடியோவில் கூப்பிட்டேன்.

“அடி பாவமே!” என்றார் அத்தை. “எங்கம்மா விழுந்த?”

“குளியலறையில அத்தை. வழுக்கிருச்சு.”

“சரி சரி, நீ ஒண்ணும் செய்ய வேணாம். இந்த வருஷம் படையலே வேணாம். படையலுக்கு வர்ற என் கொழுந்தன்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். மூன்று நாள் லீவையும் வெறுந்தரையில் படுத்தே கழிப்பது என்று முடிவு கட்டினேன். போனை வைக்கப்போனேன்.

“ஆனா லீவு சும்மா போகுதே,” என்றார் அத்தை. “சேபோம் கேட்டுக்கிட்டே இருந்தாளே, அந்தத் தீம் பார்க்குக்கு எல்லாருமாப் போவோம். நானும் வரேன்.”

பக்கத்தில் நின்ற என் மகள் சேபோம் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் தரையைத் தட்டினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

சேபோமுக்கு ஏழு வயது. வசந்தத்தில் அதே பார்க்குக்குப் போயிருந்தோம். அங்கே இருக்கிற மர ரோலர் கோஸ்டர்மேல் அவளுக்கு உயிர். மணிக்கணக்கில் வரிசையில் நின்று மேலே போனால், அளவுகோலுக்கு இரண்டு விரல் குறைகிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஏறியதும் அழுதாள் பாருங்கள், வீடு வந்த பிறகும் நிற்கவில்லை. “நீ வளர்ந்ததும் அம்மா உன்கூட ஏறுவேன்” என்று சுண்டுவிரல் கோத்துச் சத்தியம் பண்ணினேன். அன்றிலிருந்து கேட்காமலே பால் குடிக்கிறாள், கதவுச் சட்டத்தில் தொங்குகிறாள். இப்போது உயரம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வயசுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இன்சுவுக்கு ஊஞ்சலைப் பார்த்தாலே குமட்டும். அத்தையை வயசைப் பார்த்து ஏற்ற மாட்டார்கள். மிச்சம் நான்.

சுசோக் லீவில் தீம் பார்க் என்றால், படையெடுப்புக்கு ஆயத்தமாவது போலத்தான் ஆயத்தமாக வேண்டும். அதையும் என் தலையிலேயே கட்டினார்கள். “கை ஒடஞ்சா என்ன, கட்டை விரல் நல்லாத்தானே இருக்கு? போன்ல பார்த்துப் பதிவு பண்ணும்மா,” என்றார் அத்தை. டிக்கெட், எந்த வாசல், எங்கே காரை நிறுத்துவது, எந்த வரிசைக்கு முதலில் ஓடுவது, கூட்டம் சேருவதற்குள் எங்கே சாப்பிட்டு முடிப்பது, எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. மர ரோலர் கோஸ்டரில் கர்ப்பிணிகளும், இதய நோய் உள்ளவர்களும், கை கால்களில் கட்டுப் போட்டவர்களும் ஏற அனுமதி இல்லை.

இன்சுவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

“நீங்க அத்தையை ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் அந்த நேரத்துல இதக் கழட்டிட்டு ஏறி எறங்கி, திரும்ப மாட்டிக்கறேன்.”

“சேபோம் பார்ப்பாளே?”

“டாக்டர் கொஞ்ச நேரம் கழட்டலாம்னு சொன்னார்னு சொல்லிக்கறேன்.”

“இன்னொரு பொய்யா?”

“அப்ப நீங்க உக்காந்து பொரிக்கறீங்களா?”

இன்சு என் போனை வாங்கிப் பார்க் வரைபடத்தைத் திறந்தார். “ரோஜாத் தோட்டம் எந்தப் பக்கம்?” என்றார்.

விடியுமுன்னே கிளம்பினோம். நெடுஞ்சாலை பூராவும் சிவப்பு விளக்கு. நகர்ந்தால் நத்தை, நின்றால் கல். பார்க் வாசலில் எள்ளு விழ இடமில்லை. கதவைத் திறந்ததும் முதல் வேலையாக மர ரோலர் கோஸ்டர் இருக்கிற கடைசி மூலைக்கு ஓட வேண்டும் என்று நான் ரகசியத் திட்டம் வைத்திருந்தேன். கதவு திறந்தது. மொத்தக் கூட்டமும் கடைசி மூலைக்கு ஓடியது. நாடு முழுக்க எல்லா அம்மாக்களும் அதே ரகசியத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

சேபோம் என் கைப்பையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். “எங்கம்மாவுக்குக் கை ஒடஞ்சிருக்கு! இடிக்காதீங்க!” என்று வழி நெடுகக் கத்தினாள். தண்ணீர் பாட்டில் மூடியை அவள்தான் திறந்து தந்தாள். இரண்டு வாரமாக எனக்கு ஊட்டிவிடுவதும் அவள்தான். கட்டின்மேல் கலர் பேனாவால் ஒரு ரோலர் கோஸ்டர் வரைந்து, அதில் இரண்டு தலை போட்டு, “சீக்கிரம் சரியாகணும் அம்மா” என்று எழுதியிருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. இதில் உள்ளே வேர்த்து அரிப்பு வேறு. சொறியவும் முடியாது, சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினால் அப்படித்தான் இருக்கும்.

வரிசை வாசலுக்கு வந்ததும் இன்சுவின் விலாவில் இடித்தேன்.

“அம்மா, வா, நாம ரோஜாத் தோட்டம் பார்க்கலாம்,” என்றார் அவர்.

“ரோஜாவ நான் பார்த்ததில்லையாடா?” என்றார் அத்தை. “பேத்தி ஏறுறதப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். மேல வரைக்கும் கூட வரேன். ஏறாதவங்க அந்தப் பக்கமா எறங்கிக்கலாம்னு போட்டிருக்கான்.”

நான் இன்சுவைப் பார்த்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி நின்றார். பிறகு, “கழிவறைக்குப் போயிட்டு வந்துடறேன்,” என்று முனகிவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்தார். அந்த வரிசையில் ஒருமுறை வெளியே போனவன் திரும்ப நுழைய முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கட்டிக்கொண்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்!

இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முன்னால் முதுகு, பின்னால் மூச்சு. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிற வரிசை. திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் நிற்கிற அத்தனை பேரையும் தாண்ட வேண்டும். அத்தை பையிலிருந்து நிஜக் கொழுக்கட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினார். மேலே கடையின் பெயர் இருந்தது. கடையில் கொழுக்கட்டை வாங்குகிற வீடும் ஒரு வீடா என்று என் கல்யாணத்தன்று கேட்ட மனுஷி!

“கடைல வாங்கினதா அத்தை?”

“ஏன், கடைக்காரன் கை கையில்லையா? தின்னு.”

இரண்டாவது வளைவில்தான் அவளைப் பார்த்தேன். எதிர்த்திசையில் நகர்கிற வரிசை, கம்பிக்கு அந்தப் பக்கம். என் வயசுதான் இருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. கழுத்திலிருந்து கையைத் தாங்குகிற, என்னுடையது போன்ற அதே நீலத் துணி. முழங்கைக்குக் கீழே அதே மடிப்பு. பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவள் என் கட்டைப் பார்த்தாள், நான் அவள் கட்டைப் பார்த்தேன். சட்டென்று மேல்சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அத்தை அவள் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். இன்னொரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

போச்சு. அடுத்த வளைவில் அவள் திரும்ப வந்தாள். அதற்கடுத்த வளைவிலும் வந்தாள். வரிசையின் அமைப்பே அப்படி, ஓடி ஒளிய வழியில்லை. ஒவ்வொரு தடவையும் அத்தை நிதானமாக இரண்டு கட்டுகளையும் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘கேளுங்களேன், திட்டுங்களேன்’ என்று எனக்குள் கதறினேன். அவர் உடம்பிலிருந்து எப்போதும் வருகிற, வலிக்கு ஒட்டிக்கொள்கிற மருந்துப் பட்டையின் நாற்றம் அன்று மூச்சை அடைத்தது. கல்யாணமான நாளாக அத்தை வாசனை என்றால் எனக்கு அதுதான்.

“அம்மா, இன்னும் ரெண்டே வளைவு!” என்று சேபோம் குதித்தாள்.

மேலே போனதும் சீருடை போட்ட இளம்பெண் ஒருத்தி பாட்டுப் பாடுகிற குரலில் வரவேற்றாள். சேபோம் ஓடிப்போய் அளவுகோலுக்குக் கீழே நின்றாள். நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். தலை கோட்டைத் தாண்டியிருந்தது. “ஆஹா, நல்லா வளர்ந்திருக்கீங்களே!” என்று அந்தப் பெண் கைதட்டினாள். சேபோம் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “மன்னிக்கணுங்க. கட்டுப் போட்டிருக்கறவங்க ஏற முடியாது. பாப்பாகூட ஏற வேற யாராவது இருக்காங்களா?”

வேற யாரும் இல்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சேபோம் உதட்டைக் கடித்தாள். “பரவால்லக்கா,” என்றாள் அந்தப் பெண்ணிடம். “எங்கம்மாவுக்கு வலிக்கும். கை நல்லானதும் நாங்க வரோம்.” என் பையைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, “வாங்கம்மா, போலாம். நான் அழல,” என்றாள்.

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் நானே குதித்திருப்பேன்.

“கழட்டு,” என்றார் அத்தை.

“அத்தை...”

“கழட்டும்மா. பின்னால ஆளுங்க நிக்கறாங்க. குழந்தை முறை போயிடும்.” அவரே என் கையைப் பிடித்துத் திருப்பி, அடியில் இருந்த ஒட்டுப்பட்டையைத் தேடாமலே கண்டுபிடித்து, சர்ரென்று இழுத்தார். “நாட்டுல இருக்கற மருமகளுங்க எல்லாம் சேர்ந்து ஒரே குளியலறையிலயா வழுக்கி விழுந்தீங்க?”

பின்னால் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

“எப்பத் தெரியும் அத்தை?”

“அன்னிக்கு வீடியோவிலயே. கை ஒடஞ்சவ மொகத்துல அவ்வளவு நிம்மதிய நான் பார்த்ததே இல்ல.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நானும்ல பொரிக்கணும்?” என்றார் அத்தை. “எங்க காலத்துல இது விக்கல. வித்திருந்தா ரெண்டு கைக்கும் வாங்கியிருப்பேன். போ, போய் ஏறு.”

மாவுக்கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏறாதவர்கள் இறங்குகிற படியில் இறங்கிப் போய்விட்டார்.

சேபோம் என் வெறுங்கையையே பார்த்தாள். பெட்டியில் உட்கார்ந்து கம்பியை இறக்கிப் பூட்டிய பிறகும் அதையே பார்த்தாள்.

“வலிக்கலையா?”

“இல்லடி கண்ணு.”

“எப்பவுமே வலிக்கலையா?”

பதில் சொல்லியிருக்க வேண்டும். வண்டி ஏற ஆரம்பித்துவிட்டது. மேலே, இன்னும் மேலே. கீழே பார்க் பூராவும் தலைகள். இத்தனை மாதம் பால் குடித்துக் காத்திருந்த குழந்தை கம்பியைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன், அவள் பிடிக்கவில்லை. வண்டி உச்சியிலிருந்து விழுந்தபோது எல்லோரும் அலறினார்கள். நானும் அலறினேன். என் பக்கத்தில் சத்தமே இல்லை.

கீழே இறங்கி வந்தோம். இன்சு பைகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கையாட்டினார். பக்கத்தில் அத்தை போனில் பேசிக்கொண்டிருந்தார். சட்டைக் கையைச் சுருட்டி, தன் வலது கையில் என் மாவுக்கட்டை மாட்டியிருந்தார். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. கட்டின் மேல் விளிம்புக்கு வெளியே மருந்துப் பட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்கு மேலே இன்னொன்று.

“ஆமா கொழுந்தனாரே, நானும் விழுந்துட்டேன்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “வலது கை. புத்தாண்டுப் படையலுக்குள்ள எங்க சரியாகப் போகுது, எலும்பாச்சே. ஆமா, மருமக கை நல்லாயிருச்சு. சுத்தமா நல்லாயிருச்சு. அவ பார்த்துக்குவா.”

போனை வைத்தார். சேபோம் அவர் முன்னால் போய் நின்றாள். தான் வரைந்த படத்தைத் தொட்டாள், பிறகு அந்தப் பட்டையைத் தொட்டாள்.

“பாட்டி, இதுவும் பொய்யா?”

“கட்டு பொய்தான்,” என்றார் அத்தை. “கை நெஜமாவே வலிக்குது. உங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து வலிக்குது.”

சேபோம் தன் கழுத்திலிருந்த என் கைப்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அத்தையின் பையை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

“எங்க பாட்டிக்குக் கை வலிக்குது! இடிக்காதீங்க!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

இன்சு பெஞ்சிலிருந்த மற்ற பைகளை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினார். “உனக்குத்தான் ரெண்டு கையும் நல்லாயிருக்கே,” என்றார். வாங்கிக்கொண்டேன்.