அப்பா குடிப்பதற்கு ஒரு காரணம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியில் கை வைப்பதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கிரி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பொண்ணோட அப்பா குடிப்பாருன்னு கேள்விப்பட்டோம். எதனால குடிக்கிறாரு?" என்றார்.

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதற்குப் பதில் கிடைக்கும். அரிசி மில்லில் மிஷின் ஓட்டும் என் அப்பா கொளஞ்சியப்பன் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். மில் முதலாளியிடம், தவிட்டுத் தூசி தொண்டையில் அடைக்கிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் இறங்குகிறது என்பார். என் தாய்மாமாவிடம், "ஒங்க அக்கா வாய்க்கு நீ ஒரு நாளு குடும்பம் நடத்திப் பாரு" என்பார். சுனாமி வந்த பிறகு அதையும் சேர்த்துக்கொண்டார். கடல் எங்கள் வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. மறுநாள் இவர் கூட்டாளிகளோடு லாரியில் ஏறி வேடிக்கை பார்க்கப் போனார், அவ்வளவுதான். அதற்கு முன்பு இருபது வருஷம் குடித்தது எந்தக் கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. "அந்தப் பொணத்தையெல்லாம் பாத்தவன் எப்டிம்மா குடிக்காம இருப்பான்?" என்று அழுவார். அழும்போது சளி மீசையில் இறங்கும். துடைத்துவிடுவது என் வேலை.

அம்மா லோகநாயகியைக் கேட்டால் கூடாத சேர்க்கை என்பாள். தெருப் பெண்களைக் கேட்டால் அம்மாவேதான் காரணம்.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2008 கார்த்திகையில், நான்தான் அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்ததுமே அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர், "இவரோட அப்பா குடிப்பாரா?" என்று கேட்டார். அம்மா அவசரமாக, "சேச்சே, இல்லீங்க" என்றாள். அப்பாவோ நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கப்பா கொடத்துல குடிப்பாரு சார்" என்றார். பட்டம் வாங்கியவரைப் போல அப்படி ஒரு பெருமை. டாக்டர் எழுதிக்கொண்டார்.

"வழிவழியா வர்றது கொஞ்சம், பழக்கம் கொஞ்சம், மனசு கொஞ்சம். எது மொதல்லன்னு தேடிக்கிட்டிருந்தா இவரு போய்ச் சேந்துடுவாரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க. இவ்ளோ குடிக்கிற ஆளு வீட்ல இருந்துக்கிட்டுத் திடீர்னு நிறுத்தக் கூடாது. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. இங்க சேத்துதான் நிறுத்தணும்" என்றார் டாக்டர்.

அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, வழிவழியாக வருவது. திரும்பும்போது டவுன் பஸ்ஸில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டாள். "வயசுக்கு வந்த பொண்ண வீட்ல வச்சிக்கிட்டு இதெல்லாம் எழுத்துல இருக்கலாமா?" என்றாள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

அதனால்தான் பக்கிரியின் கேள்விக்கு மாமா சபாபதி முந்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "செய்வினைங்க" என்றார். "எங்க அக்கா வீட்டுக்காரரு தங்கமான மனுஷன். சொத்துத் தகராறுல பங்காளி வச்சிட்டான். பக்கத்து வீடுதான். வெளிய சொன்னா அசிங்கம்."

இதே மாமா முந்தின வாரம் அப்பாவைத் திமிர் பிடித்த நாய் என்று சொன்னவர்.

பக்கிரியின் முகம் தெளிந்தது. "அப்ப ரத்தத்துல வர்ற விஷயம் இல்ல?"

"சத்தியமா இல்லீங்க. எடுத்துட்டா அன்னியோட போச்சு."

பக்கிரியின் மனைவி இருசம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நீ ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துலதானம்மா வேலை பாக்குற? இதுக்கு டெஸ்ட் எதுனா இருக்கா?"

"இல்லீங்க" என்றேன். அது உண்மைதான். அதோடு நிறுத்திக்கொண்டேன். எதிரில் மாப்பிள்ளை கதிரவன் உட்கார்ந்திருந்தார். கடலூர் சிப்காட்டில் வேலை. நான் வரும்போது எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்த மனிதருக்கு முன்னால் என் தாத்தாவின் குடத்தை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொன்னவர்களைப் பற்றிச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

செய்வினையை எடுத்துவிட வேண்டும், இரண்டு வாரம் கழித்து நிச்சயத்தில் அப்பா தெளிவாக வந்து நிற்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். பிறகு கேசரியை வழித்துச் சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை காலையில் வீராணம் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியை மாமா கூட்டிவந்தார். அந்த ஆள் முருங்கை மரத்தடியில் தோண்டச் சொல்லி, தன் கையையே குழிக்குள் விட்டு ஒரு செப்புத் தகட்டை எடுத்தார். இருபத்தைந்து வருஷம் மண்ணில் கிடந்ததாம். புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பார்த்ததும் அம்மா குலவையிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் பங்காளி, என் பெரியப்பா செம்பியன், தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் காதில் விழும்படி காறித் துப்பினாள்.

இதில் ஏமாந்தவர் ஒருவரும் இல்லை என்று சொல்ல முடியாது. அப்பா நம்பிவிட்டார். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா, நான் கெட்டவன் இல்ல" என்று என்னிடம் தேம்பினார். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டி, இனி ஒரு சொட்டுத் தொட்டால் ரத்தம் கக்குவாய் என்றார். அப்பா அந்த நிமிஷமே நிறுத்தினார்.

டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. வியாழக்கிழமை அப்பாவின் கை டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் உதறியது. நான் பிடித்துக் கொடுத்தேன். அன்று கதிரவன் போன் செய்தார், பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பாய் நனைகிற அளவுக்கு வியர்த்தது. சுவரில் எறும்பு சாரிசாரியாகப் போவதாகச் சொல்லிச் சுண்ணாம்பைச் சுரண்டினார். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தேன்.

"வேகம் எறங்குதுடி" என்றாள் அம்மா. "சும்மா இரு."

சும்மா இருந்தேன். என் கல்யாணம் ஒரு தட்டில், அப்பா ஒரு தட்டில் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன். சனிக்கிழமை மதியம் வேலையிலிருந்து வந்தபோது அப்பா கூடத்தில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். வாயோரம் நுரை. வேட்டியில் மூத்திரம். அம்மா தலைமாட்டில் வேப்பிலையை வீசிக்கொண்டிருந்தாள். மாமா அவருடைய கையில் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டோ கூப்புடுங்க மாமா" என்று கத்தினேன்.

"பைத்தியக்கார வார்டுல சேத்தா கடலூருக்குச் சேதி போவாதா? நிச்சயத்துக்கு எட்டு நாளுதான் இருக்கு. ஆவேசம் ஜாஸ்தி ஆயிட்டுத்தான் அடங்கும்னு பூசாரி சொல்லல?" என்றார் மாமா.

"அவரு செத்துப்போனா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேப்பிலை வீசுவதை நிறுத்தினாள். செத்துப்போனால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தார்கள்.

நான் கதிரவனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்பாகிட்ட இதெல்லாம் ஏன் சொல்லணும்? செய்வினைன்னே இருந்துட்டுப் போவட்டுமே" என்றார். இதமாகத்தான் சொன்னார். நாற்காலியை நகர்த்திப் போட்ட அதே இதம்.

"ஒங்க அப்பாகிட்ட போனக் குடுங்க" என்றேன். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஐயா, எங்க தாத்தா குடிச்சே செத்தாரு. அவரோட அப்பாவும் அப்படித்தான்னு சொல்லுவாங்க. அந்தத் தகடு பூசாரி கொண்டாந்தது. எங்கப்பாவுக்கு இப்ப வலிப்பு. மனநோய் வார்டுல சேக்கப் போறோம். வழிவழியாவும் வரலாம்னு டாக்டரே எழுதியிருக்காரு."

"நல்ல வேள சொன்னம்மா" என்றார் பக்கிரி. போனை வைத்துவிட்டார்.

மாமா ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். "ஒன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேடி" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம்தான். மறைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகு அப்பாவின் வலிப்பு அவர்கள் கண்ணில் பட்டது. "ஐயோ, எம் புருஷன்" என்று அம்மா அலறினாள். மாமா வேலியைத் தாண்டிக் குதித்து, செய்வினை வைத்ததாகச் சொன்ன வீட்டுக் கதவையே போய்த் தட்டினார். செம்பியன் பெரியப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்திர வேட்டியோடு கிடந்த அப்பாவைத் தன் சட்டையோடு சேர்த்து அணைத்துத் தூக்கி ஆட்டோவில் போட்டார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

ஆறாம் நாள் மழித்த முகத்தோடு, தெளிந்த கண்ணோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவரிடம் சாராய வாடை இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் கையால் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னதான் இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனது போகட்டும், ஒரு உயிர் மிஞ்சியதே என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் மாமாவும் கால்மாட்டில் நின்றார்கள்.

ஆலோசனை சொல்லும் அம்மையார் ஒருவர் பைலோடு வந்து உட்கார்ந்தார். நல்ல மாதிரி. அப்பாவின் கையைத் தொட்டு, "மனசுல இருக்கிறத மறைக்காம சொல்லுங்கய்யா. எந்த வேதனையில இப்படிக் குடிச்சீங்க?" என்று கேட்டார்.

அப்பா யோசித்தார். தூசி, அம்மாவின் வாய், சுனாமி, தகடு எல்லாம் ஒரு சுற்று அவர் முகத்தில் வந்துபோனது. பிறகு என்னைப் பார்த்தார். கண் நிஜமாகவே கலங்கியது. நடிப்பாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"எம் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சும்மா" என்றார். "ஒரு தகப்பன் அத எப்டிம்மா தாங்குவான்?"

மாமா "பாவம்" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அம்மையார் குனிந்து ஒரு வரி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இட்லித் தட்டோடு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் அந்தப் பொண்ணா?"

ஆமாம் என்றேன்.