நாய் வெருட்டும் துவக்கு

1984இல் ஹம்பேர்க் அகதி விடுதியில் இருந்தவர்கள் ஊருக்கு அனுப்பிய படங்களில் எல்லாம் ஒரே கார்தான் நின்றது. எதிர்வீட்டு ஜெர்மன்காரனின் பச்சை மெர்சிடிஸ். அவன் வேலைக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் கிடைக்கும். இருந்த ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆறு பேர் முடித்துவிடுவார்கள். சொந்தக் கார் என்று யாரும் எழுதியதில்லை. இல்லையென்றும் எழுதியதில்லை.

நான் மட்டும் அந்தக் காரின் முன் நிற்கவில்லை. எனக்கு மண்டைக்கனம். என்னிடம் வேறு சாமான் இருந்தது, அதுவும் இரவல்தான்.

அதே நகரத்தின் அல்தோனாப் பகுதியில் லூடெமான் என்ற ஓய்வுபெற்ற பல் டொக்டரின் வீட்டைக் கிழமைக்கு இரண்டு நாள் துடைத்துக் கூட்டினேன். அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். ஆகவே கள்ளமாகத்தான். அவர் வீட்டில் கண்ணாடி அலமாரி ஒன்று. அதற்குள் நாற்பத்து மூன்று சின்னத் துவக்குகள், எல்லாம் கைத்துப்பாக்கிகள். கோட் பையில், பெண்களின் கைப்பையில் வைப்பதற்கென்று அந்தக் காலத்தில் செய்தவை. எதை எடுத்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டொக்டர் அவற்றின் குழலுக்குள் பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்ப்பார். வாயைத் திற என்று சொல்லாத குறைதான்.

துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் நான். அந்த அலமாரிக்கு முதல் மாதம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் தூசி தட்டினேன். பிறகு பார்த்துப் பார்த்து எனக்கும் பைத்தியம் தொற்றியது. எல்லாப் பாகத்திலும் ஒரே இலக்கம் இருக்கிறதா, பிடியின் முத்துச்சிப்பி பழையதா, பழமையின் மங்கலை எந்த முட்டாளாவது தேய்த்துப் போக்கியிருக்கிறானா என்று நானே பார்க்கத் தொடங்கினேன். சொல்ல வெட்கம்தான், ஆனால் அவை அழகாக இருந்தன.

எனக்குப் பிடித்தது பெல்ஜியத்தில் செய்த ஒன்று. விசை மடிந்து உள்ளே போய்விடும். தொண்ணூறு வருடத்துக்கு முன் சைக்கிள்காரர்கள் துரத்துகிற நாய்களை வெருட்ட வைத்திருந்தார்களாம். எங்கள் ஊரில் நாய் துரத்தினால் காலைத் தூக்கி ஹாண்டிலில் வைப்போம் என்றேன். டொக்டர் சிரித்துச் சிரித்து இருமினார்.

அந்த மாதம் அக்கா சந்திரகாந்தி எழுதியிருந்தா. இளவாலையில் பிளோறன்ஸ் என்றொரு பெண், ரீச்சர், நல்ல இடம், நல்லதொரு படம் அனுப்பு என்று. எனக்கு அந்தத் துவக்கோடு நிற்க ஆசை வந்தது. டொக்டர் தன் கமெராவை எடுத்தார்.

"கையை விரித்து அதன் மேல் வையுங்கள். அப்போதுதான் அதன் வேலைப்பாடு தெரியும்" என்றார்.

விரித்த கை பிச்சை கேட்கிற கை போல எனக்குப் பட்டது. பெண் வீட்டுக்குப் போகிற படமல்லவா. பிடியை இறுக்கிப் பிடித்து, நெஞ்சுக்கு நேரே உயர்த்திக்கொண்டு நின்றேன். பின்னால் அலமாரி நிறையத் துவக்குகள்.

விடுதி அறையில் என்னோடு இருந்த தம்பித்துரை அண்ணை படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"உனக்கென்ன விசரே? உதை ஊருக்கு அனுப்பப் போறியோ?"

"பழைய சாமான் அண்ணை. நாய் வெருட்டுறது."

"பாக்கிறவனுக்கு அது தெரியுமோ?"

"பொம்பிளை வீட்டார் மட்டும்தானே பாக்கப் போகினம்" என்றேன். அனுப்பினேன்.

ஐந்து கிழமை கழித்து அக்காவின் கடிதம் வந்தது.

"தம்பி அலோசியஸ், உன்ரை படத்தைச் சேட் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு யோசப் சைக்கிளிலை இளவாலைக்குப் போனவன். சந்தியிலை ஆமி மறிச்சுப் படத்தைக் கண்டிட்டாங்கள். அவனைத் தங்கடை காம்புக்குப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அம்மா சாப்பிடுறாவில்லை. உன்ரை கையிலை இருக்கிறது என்னெண்டு ஆரிட்டையாவது கடிதம் எடுத்து உடனை அனுப்பு."

யோசப் என் தம்பி. வலைக் கடையில் வேலை. ஊர்வலம் வந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையால் போய்விடுகிறவன். அவனுடைய சட்டைப் பைக்குள் அந்தப் படத்தை வைத்தவன் நான்தான்.

டொக்டரிடம் ஓடினேன். போர்க் கைதியாக இங்கிலாந்தில் இருந்தபோது படித்த ஆங்கிலத்தில் அவர் இரண்டு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். செய்த ஊர், ஏறக்குறைய 1895. ஐந்து தோட்டா. இலக்கம் 4172, எல்லாப் பாகத்திலும் ஒரே இலக்கம். குழலில் கீறல் இல்லை. முழுமையாக இயங்கும் நிலையில் உள்ளது. இது ஓர் அரும்பொருள், என்னுடைய சேகரிப்பைச் சேர்ந்தது. கீழே கையெழுத்து, முத்திரை.

சேகரிப்பவர்களிடம் இயங்கும் நிலை என்பதை விடப் பெரிய புகழ்ச்சி இல்லை. அந்த வரியை வாசித்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. அதை நினைக்க இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போல வருகிறது.

"உண்மையை முழுதாக எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்" என்றார் டொக்டர். அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அக்காவின் அடுத்த கடிதம் ஒரே பக்கம்.

"யோசப் அது சிகரெட் லைட்டர் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவனாம். காம்பிலை இருக்கிற ஆமிப் பெரியவனும் நம்பின மாதிரி. ஞாயிறு பூசை முடிய வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு சொன்னவன். சனிக்கிழமை உன்ரை கடிதம் வந்தது. இன்னும் கெதியா விடுவாங்கள் எண்டு நினைச்சு அண்டைக்கே கொண்டுபோய்க் குடுத்தன். வாசிச்சுப்போட்டு, அப்ப லைட்டர் இல்லை, வேலை செய்யிற துவக்கு, நம்பரும் கிடக்கு எண்டான். பின்னேரமே யோசப்பை லொறியிலை ஏத்தித் தெற்குக்குக் கொண்டுபோட்டாங்கள். எங்கை எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்களில்லை. கடிதம் குடுத்தது நான் எண்டு அம்மாவுக்குத் தெரியாது. நீயும் எழுதிப்போடாதை."

ஒரு நாள் பொறுத்திருந்தால் தம்பி வீட்டுக்கு வந்திருப்பான். அவன் சொன்ன ஒரே பொய்யை நான் முத்திரை குத்தி உடைத்தேன். ஊருக்குப் போய்க் காலில் விழலாம் என்றால், படத்தில் நிற்கிறவனே நான்தான். போகவும் வழியில்லை, இங்கே இருக்கவும் மனமில்லை. இளவாலையிலிருந்து பிறகு பேச்சே இல்லை. அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை.

மூன்று கிழமை படுக்கையை விட்டு எழும்பவில்லை. பிறகு அல்தோனாவுக்குப் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

டொக்டர் கோப்பி ஊற்றினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாய் வெருட்டும் துவக்கை எடுத்து மேசையில் வைத்தார். என்னைத் தேற்றத்தான் வைத்தார் போலிருக்கிறது. நான் தொடவில்லை.

"என் கடிதம் போய்ச் சேர்ந்ததா?"

"ஓம், சேர்ந்தது."

"நம்பினார்களா?"

"நம்பினார்கள், டொக்டர்" என்றேன். "ஒரு எழுத்தும் விடாமல் நம்பினார்கள்."